மறு: ‘பிளஷ்’ என்ற கட்டளைக்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

தரவை மறைக்குறியாக்கப் பயன்படும் ஓப்பின்எஸ்எஸ்எல் (OpenSSL) நிரலகத்தின் கோப்பு உள்ளீடு, வெளியீடு பற்றிய பகுதியைத் தமிழாக்கும் வேலையில் ‘இடையகம்’ (buffer, தரவு தற்காலிகமாகத் தங்கும் இடம்), ‘வடிகட்டி’ (filter, தன்னூடாகச் செல்லும் தரவை மாற்றும் பகுதி), ‘தொடர்’ (chain, இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த அமைப்பு) ஆகிய சொற்களில் நாம் ஒத்த கருத்துக்கு வந்துவிட்டோம். உள்ளே தேங்கி நிற்கும் தரவை வெளியே அனுப்பும் ‘பிளஷ்’ (flush) என்ற கட்டளைக்கான சொல் மட்டும் இன்னும் தீரவில்லை. ஐயா ‘கழுவல்’ என்றும் தங்கை ‘இறுத்தல்’ என்றும் எழுதியிருந்தீர்கள். நான் ‘வழித்துவிடல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

சென்ற கிழமை கோண்டாவிலில் என்னிடம் படிக்கும் மாணவர் ஒருவர், 1000 பைற்று அளவுள்ள கோப்பொன்றை ஏஇஎஸ் (AES) என்ற மறைக்குறியாக்க முறையில், ஒவ்வொரு துண்டத்தையும் முந்தியதோடு பிணைக்கும் சிபிசி (CBC) பாங்கில், மறைக்குறியாக்கி எழுதினார். கோப்புக்கு முன்னால் மறைக்குறியாக்கும் வடிகட்டியைப் பொருத்தி, தரவு அதனூடாகச் சென்று கோப்பில் விழும்படி தொடரை அமைத்திருந்தார். வழுச் செய்தி எதுவும் வரவில்லை; ஆனால் எழுதப்பட்ட கோப்பில் 992 பைற்றுகளே இருந்தன, அதை மறைநீக்கி மூலக் கோப்பைத் திரும்பப் பெறவும் முடியவில்லை. ஏஇஎஸ் 16 பைற்றுத் துண்டங்களாகவே வேலை செய்வதால் 62 முழுத் துண்டங்கள் கோப்புக்குப் போய்விட, மிஞ்சிய 8 பைற்றுகள் வடிகட்டிக்குள்ளேயே தங்கிவிட்டன. பிளஷ் கட்டளையை ஒரு வரியாகச் சேர்த்த பின்னர் கோப்பு 1008 பைற்றுகளாக வந்தது. மிஞ்சிய எட்டோடு, 8 என்ற எண்ணையே எட்டு முறை இட்டு நிரப்பிக் கடைசித் துண்டம் வெளியே வந்திருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, 1024 பைற்றுகளைக் கொடுத்தாலும், அதாவது எதுவுமே மிஞ்சாவிட்டாலும், இந்தக் கட்டளை நிரப்புதலுக்கென்றே முழுத் துண்டமொன்றைச் சேர்த்து 1040 ஆக்கும் என்பதாகும். ஆகவே, வடிகட்டியைப் பொறுத்தவரை இது வெறுமனே காலியாக்கும் செயல் அல்ல. இனி மறைக்குறியாக்குவதற்குத் தரவு வராது என்று அறிவிக்கும் செயலுமாகும். நாம் ஆக்கும் சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

‘கழுவல்’ வேறு எந்த நிரலகத்திலாவது பொருந்தலாம். மறைக்குறியியலில் அது ஆபத்தான சொல். திறவுகோல் இருந்த நினைவகப் பகுதியைப் பயன்படுத்திய பின் அழித்துத் துடைக்கும் கட்டளை இதே நிரலகத்தில் தனியாக இருக்கிறது. படிப்பவர் கழுவல் என்பதை அதுவாக எண்ணிவிட்டால், தரவைச் சேர்ப்பிக்கும் கட்டளையையும் தரவை அழிக்கும் கட்டளையையும் ஒன்றாகக் கொள்வார்.

‘இறுத்தல்’ அழகான சொல், கடனை இறுப்பது போல முழுமையாகக் கொடுத்துத் தீர்த்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதால் எனக்கு அதில் மிகுந்த விருப்பமும் இருந்தது. ஆனால் நீரைத் தெளிய வைத்து இறுத்தெடுக்கும்போது மண்டி பாத்திரத்திலேயே நின்றுவிடுகிறது. நமக்கோ அடியில் நிற்பதுதான் வேண்டும்.

எங்கள் வீட்டில் பனங்கிழங்கு மாவில் ஒடியற் கூழ் காய்ச்சும் நாள்களில், பானையின் அடியில் தடிப்பாக நிற்கும் மீனையும் நண்டையும் அம்மா அகப்பையால் வழித்துக் கடைசிப் பிளாவில் (பனையோலைக் கிண்ணத்தில்) விடுவார். அகப்பை பானையில் உரசும் சத்தம் கேட்டாலே, இனிக் கூழ் இல்லை என்பது முற்றத்தில் இருப்பவர்களுக்கு விளங்கிவிடும். எஞ்சியதை வெளியேற்றுவதும் முடிவை அறிவிப்பதும் ஒரே செயலில் நடப்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை. ‘குழம்பு விடு’, ‘எண்ணெய் விடு’ என்று ஊற்றுவதற்கு நாம் நாளாந்தம் சொல்லும் ‘விடு’வும் இதிலே அமைந்திருக்கிறது.

முதலில் ‘வழித்தூற்றல்’ என்றே எழுதியிருந்தேன். அதை ‘வழி’, ‘தூற்றல்’ என்றும் பிரிக்கலாம் என்று மாணவி ஒருவர் காட்டியதால் கைவிட்டேன். ‘வழிதல்’ என்பதோடு மயங்காதா என்ற கேள்வியும் நியாயமானது. இடையகம் கொள்ளளவைத் தாண்டும் பிழைக்கு ‘இடையக மீறல்’ என்று வைத்துக்கொண்டால் அந்த மயக்கம் நீங்கும். மறைக்குறியாக்கம் இல்லாத வெறும் கோப்பில் இதே கட்டளையை எழுத்தின் நடுவிலும் அழைக்கலாம். அங்கே முடிவு என்ற பொருள் தளர்ந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் எஞ்சியதை அனுப்புதல் என்ற பொருள் நிற்கும்.

விளக்கத்தில் வரும் வாக்கியத்தை இப்படி அமைத்துப் பார்த்தேன்: “தரவு முழுவதையும் எழுதிய பின் தொடரை வழித்துவிடவும்; தவறினால் கடைசித் துண்டம் கோப்பைச் சென்றடையாது.” ஐயாவும் தங்கையும் இதை வாய்விட்டு வாசித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.