இருமைத் தத்துவத்தை விளக்க உதவி வேண்டும்

வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குப் பூலியன் அட்சரகணிதம் (0, 1 என்ற இரு பெறுமானங்களைக் கொண்டு கணிக்கும் தருக்க அட்சரகணிதம்) கற்பிக்கிறேன். கூட்டலையும் பெருக்கலையும், 0 ஐயும் 1 ஐயும் ஒன்றுக்கொன்று மாற்றினால், உண்மையான ஒரு சமன்பாட்டிலிருந்து மற்றோர் உண்மையான சமன்பாடு கிடைக்கும் என்ற இருமைத் தத்துவத்தை மாணவர்கள் மனனம் செய்துவிடுகிறார்கள்; ஆனால் க + க·ச = க என்பதை மாற்றும்போது அடைப்புக்குறியை மறந்து, க·(க + ச) = க என்பதற்குப் பதிலாக க·க + ச = க என்று எழுதுகிறார்கள்.

இதைவிட ஆழமான கேள்வியை ஒரு மாணவி கேட்டார்: க + ச என்பதன் இருமை க·ச என்றால், இரண்டும் சமமா? சமமல்ல, சமன்பாட்டின் உண்மைதான் பேணப்படுகிறது, கோவையின் பெறுமானம் அல்ல என்றேன். உடனே மாணவர்கள் இதை டி மோர்கன் விதியுடன் (கூட்டலின் நிரப்பி, நிரப்பிகளின் பெருக்கத்துக்குச் சமம்; நிரப்பி என்பது 0 ஐ 1 ஆகவும் 1 ஐ 0 ஆகவும் மாற்றுவது) குழப்பிக்கொண்டார்கள். அங்கே மாறிகளும் நிரப்பியாக வேண்டும் என்பது இன்னும் பதியவில்லை.

1904 இல் கணிதவியலாளர் ஹன்டிங்டன் பூலியன் அட்சரகணிதத்துக்குத் தந்த எடுகோள்கள் சோடிகளாக அமைந்திருப்பதால், நிறுவலின் ஒவ்வொரு படியையும் அதன் சோடியால் மாற்றலாம் என்ற விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை. கூட்டலின் உண்மை அட்டவணையில் 0, 1 ஆகியவற்றை இடம்மாற்றிப் பெருக்கலின் அட்டவணையைப் பெறுவதிலிருந்து தொடங்கலாமா? வகுப்பில் பயன் தந்த பயிற்சிகள் இருந்தால் தயவுசெய்து தமிழில் பகிருங்கள்.