பிரைமர் பதிக்க எதை வாங்கலாம்: கைக்கருவியா, பிரஸ்ஸே போதுமா?

பிளேனோ குமார்:

எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கிறேன். வீட்டு கராஜில் சொந்தமாகத் தோட்டா ரீலோட் செய்ய, அதாவது சுட்ட காலிக் கூடுகளை மறுபடி நிரப்ப, ஆரம்பிக்கப் போகிறேன். இருப்பது இரண்டே துப்பாக்கி. ஒன்று ஏஆர்-15, 223 தோட்டா. இன்னொன்று போல்ட் ஆக்‌ஷன் 308, மான் சீசனுக்கும் ரேஞ்சில் முன்னூறு கஜத்தில் சுடவும். மாதம் இருநூறு தோட்டா, மிஞ்சிப் போனால் முன்னூறு.

பழைய ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் பிரஸ் (கைப்பிடியை இழுத்துக் கூட்டை அழுத்துகிற இயந்திரம்) ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது, பிரைமர், அதாவது கூட்டின் அடியில் உட்கார்ந்து அடிபட்டதும் தீ கொடுக்கும் சின்ன மூடி, பதிக்கும் ஆர்மும் அதிலேயே இருக்கிறது. டை (கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), தராசு எல்லாம் வாங்கியாகிவிட்டது. பிரைமர் விஷயத்தில்தான் குழப்பம். பிரஸ்ஸிலேயே பதித்தால் போதும் என்கிறார் ஒருவர், கைக்கருவி இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது என்கிறார் இன்னொருவர், மூன்றாமவர் மேசையில் பூட்டுகிற பெஞ்ச் கருவிதான் என்கிறார். தனியாக ஒன்று வாங்கினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா, இல்லை காசைக் கரைக்க இன்னொரு வழியா? நண்பர் ஒருவர் ஒருமுறை சுட்ட லேக் சிட்டி (ராணுவத் தோட்டா ஆலை) பித்தளைக் கூடுகள் ஒரு பக்கெட் கொடுத்திருக்கிறார், 223க்கு அதைத்தான் பயன்படுத்தப் போகிறேன்.

டூசான் கிழவன்:

குமார், பிரஸ் கையில் இருக்கிறதே என்று அந்த ஆர்மை வைத்தே ஆரம்பிக்காதீர்கள். ராக் சக்கரின் கைப்பிடி அவ்வளவு நீளமாக இருப்பது எதற்கு? 308 கூட்டை டைக்குள் தள்ளி மறுபடி அளவுக்குக் கொண்டுவர. அந்த நெம்பு பலத்தை, பெரிய அளவிலேயே 0.210 இன்ச் விட்டம்தான் வருகிற ஒரு பிரைமர் மேல் வைத்தால், அது குழியின் தரையைத் தொட்டதா, கோணலாகச் சிக்கி நசுங்குகிறதா என்று கைக்குத் தெரியவே தெரியாது. கைக்கருவியில் கட்டைவிரலும் உள்ளங்கையும்தான் வேலை செய்கின்றன. முதலில் சீராக ஓர் இறுக்கம், அப்புறம் சுவரில் முட்டியது போல ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தம் வரவில்லை என்றால் கூட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்டால், பிரைமருக்குள் இருப்பது மூன்றே சமாச்சாரம்: மெல்லிய உலோகக் கிண்ணம், அதற்குள் அடிபட்டால் வெடிக்கும் கலவை, வாய்ப்பக்கத்தில் கால்களோடு ஓர் ஆன்வில், பட்டறைக்கல் மாதிரி ஒரு குட்டி உலோகத் துண்டு. அந்தக் கால்கள் குழியின் தரையில் ஊன்றி, ஒரு நூல் உள்ளே அமுங்கியும் இருக்க வேண்டும். அப்போதுதான் துப்பாக்கியின் ஊசி அடிக்கும்போது கலவை கிண்ணத்துக்கும் ஆன்விலுக்கும் நடுவில் நசுங்கித் தீப்பிடிக்கும். கால் ஊன்றவில்லை என்றால் ஊசியின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். க்ளிக் என்ற சத்தம் மட்டும் வரும், இரண்டாவது அடியில் வெடிக்கும். ரேஞ்சில் இப்படி நடந்தால் உடனே பிரைமர் கம்பெனியைத் திட்டுவார்கள், பெரும்பாலும் கோளாறு பதித்த கையில்தான்.

உங்களிடம் ஏஆர் இருக்கிறது, அதனால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தத் துப்பாக்கியில் ஊசிக்கு ஸ்பிரிங் கிடையாது, போல்ட் மூடும்போது ஊசி தன் வேகத்திலேயே முன்னால் போய் பிரைமரை லேசாகத் தொடும். நம்பாவிட்டால் ரேஞ்சில் ஒரு தோட்டாவைச் சேம்பரில் ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்துப் பாருங்கள், பிரைமர் நடுவில் சின்னதாக ஒரு குழி விழுந்திருக்கும். பிரைமர் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கலாம். பழைய ராணுவ ரைஃபிள் எம்1 கராண்டிலும் இதே கதைதான், என்னிடம் இருப்பது அது. கூட்டின் அடிமட்டத்தைவிட 0.003 முதல் 0.005 இன்ச் உள்ளே இருக்கும்படி பதியுங்கள். 223க்கு சிசிஐ 41 பிரைமர் கிடைத்தால் வாங்குங்கள், ராணுவ அளவுக்குச் செய்தது, லேசான அடிக்கு எளிதில் வெடிக்காது. பெரிய பிரைமரில் அதற்கு இணை 34.

எந்தக் கருவி என்றால் லீ, ஆர்சிபிஎஸ், ஃப்ராங்ஃபோர்ட் ஆர்சனல் எதுவானாலும் சரி. உங்கள் கைக்குப் பிடி பொருந்துகிறதா என்று கடையில் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாம் ஸ்டேஷன்:

பெரியவர் சொன்னதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பிரஸ்ஸில் பதிக்கவே கூடாது என்பது கொஞ்சம் மிகை. நான் மேட்ச்சுக்குப் பிஸ்டல் சுடுகிறவன், 9 மில்லிமீட்டர், எல்லாம் டில்லன் 750இல்தான், ஒவ்வோர் இழுப்பிலும் பல வேலை சேர்ந்து நடக்கும் ப்ரோக்ரெசிவ் பிரஸ் அது. கைப்பிடியை முன்னால் தள்ளும்போது பிரைமர் பதியும், அதிலும் உணர்வு இருக்கிறது, பழக வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொன்றாகக் கையில் பதித்துக்கொண்டிருந்தால் வார இறுதி அதிலேயே போய்விடும்.

ஆனால் ப்ரோக்ரெசிவ் பிரஸ்ஸில் வேறு ஓர் ஆபத்து. பிரைமர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குழாயில் நூறு நிற்கும். கீழே ஒன்று வெடித்தால் மேலே உள்ளவையும் சங்கிலியாக வெடிக்கலாம். அதனால்தான் டில்லன் அந்தக் குழாயைச் சுற்றி கனமான இரும்பு உறை போட்டிருக்கிறது. கைப்பிடி வழக்கத்துக்கு மாறாக இறுகினால் அழுத்தாதே, நிறுத்து, பார்: இதுதான் சட்டம். 45 ஏசிபி பிஸ்டல் தோட்டா செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அந்தக் கூடு பெரிய பிரைமர் குழியோடும் வருகிறது, சின்னதோடும் வருகிறது, பிரிக்காமல் கலந்து போட்டால் பெரிய பிரைமர் சின்னக் குழியில் போய் முட்டும்.

குமார் சொல்கிற இருநூறு முன்னூறுக்கு ப்ரோக்ரெசிவ் தேவையில்லை. அதனால் இவர் விஷயத்தில் நானும் கைக்கருவி கட்சிதான்.

மிச்சிகன் மீனா:

கைக்கருவி கட்சிக்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறீர்கள். கை வலி. எனக்கு மணிக்கட்டுத் தொல்லை இருக்கிறது, ஐம்பது கூடு தாண்டினால் கட்டைவிரல் அடி மூட்டு எரிய ஆரம்பித்துவிடும், அப்புறம் உணர்வாவது ஒன்றாவது. மேசையில் பூட்டும் ஆர்சிபிஎஸ் கருவிக்கு மாறினேன். நெம்புகோல் குட்டையானது, பிரஸ் கைப்பிடி மாதிரி பலம் இல்லை, ஆனால் நிறுத்தம் வருவது தெளிவாகத் தெரிகிறது. ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் பிரஸ்ஸின் தலையில் பிரைமருக்கென்று தனி இடம் உண்டு, அதுவும் நன்றாக இருக்கும் என்று தோழி சொல்வாள். முந்நூறு டாலர், நானூறு டாலர் கருவிகளும் இருக்கின்றன, ஆழத்தை நூல் பிடித்து மாற்றலாம், ஆயிரம் கஜத்துக்குச் சுடுகிறவர்கள் வாங்கட்டும், மான் வேட்டைக்கு அது தேவையில்லை.

எந்தக் கருவியானாலும் கண்ணாடி போடுங்கள். மூக்குக்கண்ணாடி இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், பக்கவாட்டு மறைப்பு உள்ள பாதுகாப்புக் கண்ணாடி. அப்புறம், பிரைமர் கலவையில் ஈயம் இருக்கிறது, வேலை முடியாமல் முறுக்கு டப்பாவைத் திறக்கக் கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சமையலறைக்குள் போக வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் டம்ளரில் (கூடு சுத்தம் செய்யும் இயந்திரம்) போட்டெடுத்த கூட்டுத் தூசிக்கும் இதே கவனம்.

பிளேனோ குமார்:

நன்றி மூவருக்கும். சரி, கைக்கருவிதான் வாங்குகிறேன். இரண்டு சந்தேகம். லேக் சிட்டி கூட்டில் பழைய பிரைமரை எடுத்துவிட்டேன், ஆனால் குழியின் வாயைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி உள்ளே மடிந்திருக்கிறது, அதுதான் க்ரிம்ப்பா? இன்னொன்று, பதித்தபிறகு 0.003 உள்ளே இருக்கிறது என்று எப்படி அளப்பது?

டூசான் கிழவன்:

அதுவேதான். ராணுவத் தோட்டாவில் பிரைமர் கழன்று இயந்திரத்துக்குள் விழக்கூடாது என்று உதட்டை மடித்து அடைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் புதுப் பிரைமரைத் தள்ளினால் கிண்ணத்தின் ஓரம் வழித்துக்கொண்டு வரும், இல்லை ஒருபக்கம் சாய்ந்து நசுங்கும், நீங்கள் கருவியைக் குறை சொல்வீர்கள். இரண்டு வழி உண்டு. ரீமரால் உதட்டைச் சீவி எடுக்கலாம், விலை கம்மி, ஆனால் கை தாராளமானால் குழி வாய் புனல் மாதிரி விரிந்துவிடும். இல்லையென்றால் ஸ்வேஜ் செய்கிற கருவி, மடிந்த உலோகத்தை வெட்டாமல் பின்னால் தள்ளிவிடும். ஒரு பக்கெட் கூடு என்றால் டில்லன் சூப்பர் ஸ்வேஜ் மாதிரி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஒரு கூட்டுக்கு ஒருமுறை செய்தால் போதும், அடுத்த முறை க்ரிம்ப் இருக்காது.

அளக்க, டிஜிட்டல் கேலிப்பரின் பின்பக்கக் கம்பியைப் பிரைமர் மேல் இறக்கிப் பார்க்கலாம், ஆனால் அது ஆரம்பத்தில் கையைப் பழக்கத்தான். தினசரிக்கு, கூட்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். ஆடாமல் நின்றால் நல்லது, ஆடினால் பிரைமர் தலை தூக்கியிருக்கிறது. ஆள்காட்டி விரலால் அடிமட்டத்தைத் தடவினாலும் தெரியும், லேசாகப் பள்ளம் உணர வேண்டும். ஒவ்வொன்றையும் தடவுங்கள், இதில் சோம்பல் கூடாது.

மூன்றாம் ஸ்டேஷன்:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். பெரிய ரைஃபிள் பிரைமரும் பெரிய பிஸ்டல் பிரைமரும் ஒரே விட்டம், ஆனால் ரைஃபிளுடையது உயரம் அதிகம். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வகைப் பெட்டிதான் இருக்க வேண்டும். மிச்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வெடிகுண்டு வைத்திருப்பதற்குச் சமம், வந்த தட்டிலேயே திரும்ப வையுங்கள். ஃபெடரல் கம்பெனியின் பிரைமர் பெட்டி மற்றவற்றைவிடப் பெரிதாக இருப்பதற்குக் காரணமே பிரைமர்களைத் தள்ளித் தள்ளி அடுக்கியிருப்பதுதான். ஆன்லைனில் வாங்கினால் அபாயகரப் பொருள் கட்டணம் என்று தனியாக வரும், அதனால் நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுவது வழக்கம்.

மிச்சிகன் மீனா:

இதைப் படிக்கிற எச்-1பி வேலை விசா தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. குமாருக்கு என்ன விசா என்று தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன். குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்குகள் இருக்கின்றன, வக்கீலைக் கேட்காமல் நாமே அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவே தனி உரிமம் வேண்டும், எனவே இந்த இழை உங்களுக்குச் செய்முறை அல்ல.

பிளேனோ குமார்:

எனக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது அக்கா, அதற்குப் பிறகுதான் முதல் துப்பாக்கியே வாங்கினேன். கடைசியாக ஒன்று: வெடிமருந்து போட்டு, குண்டு பொருத்தி முடித்த தோட்டாவில் பிரைமர் தலை தூக்கியிருப்பதைக் கண்டால், திரும்பக் கருவியில் வைத்து ஒரு அழுத்து அழுத்தலாமா?

டூசான் கிழவன்:

கூடாது, எந்தக் காரணத்துக்கும் கூடாது. மருந்து நிரம்பிய தோட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பிரைமரை அழுத்துவதும் சுத்தியலால் அடிப்பதும் ஒன்றுதான். முதலில் குண்டை உருவுங்கள், பிரஸ்ஸில் மாட்டுகிற காலெட் புல்லர் (குண்டைக் கவ்வி உருவும் கருவி) வாங்கிக்கொள்ளுங்கள், தட்டி உருவுகிற சுத்தியல் வகை இந்த வேலைக்கு வேண்டாம். மருந்தைக் கொட்டி, கூடு காலியாகிவிட்டது என்று வெளிச்சத்தில் பார்த்து, கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக மறுபடி பதிக்கலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் மருந்து போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கூட்டையும் தடவச் சொன்னேன்.