ஓயாகோதோன்: முட்டை மிருதுவாக வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

கேள்வி:
கோழியையும் முட்டையையும் இனிப்பும் உப்பும் கலந்த சாற்றில் வேகவைத்து, சூடான சோற்றின் மேல் சரித்து உண்ணும் இந்த ஜப்பானிய உணவில், முட்டை பொடிமாஸ் போல உதிராமல் இருப்பதற்கு வழி என்ன? மிரின் என்னும் இனிப்பான அரிசி மது கிடைக்காவிட்டால் எதைச் சேர்க்கலாம்?

பதில் 1:
முட்டையை நுரைக்க அடிப்பதும் சட்டியில் கிளறுவதுமே பெரும்பாலும் காரணம். ஒருவருக்கு இரண்டு முட்டைகளை உடைத்து, வெள்ளைக்கரு திட்டுத்திட்டாகத் தெரியும்படி இலேசாகக் கலக்கி, கறி வெந்த சாறு கொதிக்கும்போது மூன்றில் இரண்டு பங்கை ஊற்றி, ஓரங்கள் இறுகத் தொடங்கியதும் மீதியை நடுவில் விட்டு மூடி, அரை நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

பதில் 2:
சாற்றுக்கு 80 மி.லி. தாஷி (ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு), சோயா சாஸும் மிரினும் தலா ஒரு மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை போதும். மிரின் இல்லையெனில் சர்க்கரையைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கொம்பு என்னும் கடற்பாசியும் உலர்ந்த சூரை மீன் சீவலும் தரும் தாஷியை விட்டுவிட்டால் இந்த உணவின் உயிரே போய்விடும் என்பது என் உறுதியான கருத்து. நெஞ்சுக்கறி வறண்டுவிடும், தொடைக்கறியே ஏற்றது.

பதில் 3:
ஜப்பானில் முட்டையைப் பச்சையாகவே உண்ணும் வழக்கம் இருப்பதால் அதற்கேற்பக் கழுவித் தரம்பார்த்து விற்கிறார்கள். அத்தகைய முட்டை கிடைக்காத இடங்களில், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பரிமாறும்போது, சால்மொனெல்லா கிருமியை மனத்தில் கொண்டு முழுமையாக வேகவிடுங்கள்.