ஆன் சியோல்-சூவுக்கு அரசியல்ல எங்க சறுக்குச்சு?

மழைநாள்:
கொரியா அரசியல ஃபாலோ பண்றவங்க யாராச்சும் இருந்தா விளக்குங்க. ஆன் சியோல்-சூ பத்திதான். மனுஷன் டாக்டருக்குப் படிச்சவரு, 1988ல பிரெய்ன்ங்கிற கம்ப்யூட்டர் வைரஸ் வந்தப்ப அதை அழிக்க தானே ஒரு ப்ரோக்ராம் எழுதி ஊருக்கே சும்மா குடுத்தாரு, அப்புறம் 1995ல ஆன்லேப் கம்பெனி, வி3 ஆன்டிவைரஸ், அந்த நாட்டுல அது இல்லாத கம்ப்யூட்டரே கம்மி. 2011ல சியோல் மேயருக்கு நின்னா ஏறக்குறைய பாதி ஜனம் இவருக்குத்தான்னு கருத்துக்கணிப்பு வந்துச்சு. அப்படிப்பட்டவரு 2012, 2017, 2022னு மூணு அதிபர் தேர்தல்ல இறங்கி ரெண்டுல பாதியிலேயே விலகிட்டாரு, நின்ன ஒண்ணுல மூணாவது இடம். தொழில்ல ஜெயிச்சவங்களுக்கு அரசியல் ஒத்துவராதா, இவரோட குணமா, இல்ல அந்த ஊரு சிஸ்டமே அப்படியா?

கணினிக்காரன்:
முதல்ல அவரு மேல ஜனங்களுக்கு ஏன் அவ்ளோ பாசம்னு பாக்கணும். கொரியால பணக்காரன்னாலே சாம்சங், ஹூண்டாய் மாதிரி குடும்ப சாம்ராஜ்யம்தான், அப்பன் கம்பெனி மகனுக்கு. இவரு அந்த வழியில வரல. விடிகாலைல எழுந்து வைரஸுக்கு மருந்து எழுதிட்டு அப்புறம் மெடிக்கல் காலேஜுக்குப் போவாராம், அப்படியே வருஷக்கணக்கா. கம்பெனி ஆரம்பிச்ச பிறகும் தனி ஆளுங்களுக்கு வி3 இலவசம், ஆபீஸுங்களும் அரசாங்கமும்தான் காசு குடுக்கணும். 1997ல அமெரிக்க ஆன்டிவைரஸ் கம்பெனி மெக்காஃபி 1 கோடி டாலர் தர்றோம் வித்துருங்கன்னு கேட்டப்ப முடியாதுன்னுட்டாரு. 1999 ஏப்ரல் 26 அன்னைக்கு செர்னோபில் வைரஸ் கொரியால லட்சக்கணக்குல கம்ப்யூட்டர காலி பண்ணுச்சு, அதுக்கப்புறம்தான் ஆன்டிவைரஸ காசு குடுத்து வாங்கணும்னு கம்பெனிகளுக்கே உறைச்சுது. 2005ல தலைமைப் பதவிய வேற ஆளுகிட்ட குடுத்துட்டு அமெரிக்காவுக்குப் படிக்கப் போயிட்டாரு, திரும்பி வந்து ப்ரொஃபசர். 2009ல ஒரு டிவி ஷோல பேசினது பயங்கர ஹிட், அடுத்து ஊர் ஊரா காலேஜ் பசங்ககிட்ட பேச ஆரம்பிச்சாரு. வேலை கிடைக்காம, வீட்டு வாடகைக்கு அல்லாடிட்டு இருந்த பசங்களுக்கு இவரு ஒரு அண்ணன் மாதிரி ஆயிட்டாரு. 2011 கடைசில ஆன்லேப்ல தன் பங்குல பாதிய தானமா தர்றேன்னு வேற அறிவிச்சாரு. என்னைப் பொறுத்தவரை அந்த அன்பு உண்மையான அன்பு, ஆனா அரசியல்ல என்ன செய்வாருன்னு பாத்து வந்த அன்பு இல்ல.

தெற்குவாசல்:
சிஸ்டம் பத்தி நான் சொல்றேன். 1987க்கு அப்புறம் அங்க அதிபர் தேர்தல் ஒரே சுத்துதான், ரெண்டாவது சுத்து கிடையாது, யாருக்கு அதிக ஓட்டோ அவரு 5 வருஷம், மறுபடி நிக்க முடியாது. அந்த 1987லயே கிம் யங்-சாமும் கிம் டே-ஜுங்கும் விட்டுக்குடுக்காம தனித்தனியா நின்னாங்க, எதிர்க்கட்சி ஓட்டு சிதறி ராணுவ ஆட்சியோட ஆளு ரோ டே-வூ 36 சதவீதத்த வெச்சே ஜெயிச்சுட்டாரு. அந்த காயம் இன்னும் ஆறல. அதனால மூணாவதா ஒருத்தர் வந்தாலே ‘நீ விலகு, இல்லன்னா அவன் வந்துருவான்’னு நாலு பக்கமும் நெருக்குவாங்க. 2012 நவம்பர் 23 அன்னைக்கு எதிர்க்கட்சி வேட்பாளர் மூன் ஜே-இன்னுக்காக இவரு விலகினது அப்படித்தான், அப்பவும் ஆளுங்கட்சியோட பார்க் குன்-ஹேதான் ஜெயிச்சாங்க.

ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜு-யுங் கூட (நம்ம இருங்காட்டுக்கோட்டைல கார் செய்ற அதே ஹூண்டாய்தான்) 1992ல சொந்தக் கட்சி ஆரம்பிச்சு பார்லிமென்ட்ல 31 சீட் புடிச்சாரு, அதே வருஷம் அதிபருக்கு நின்னப்ப 16 சதவீதம், மூணாவது இடம். அவ்ளோ பெரிய பணக்காரராலயே முடியல.

வேப்பமரத்தடி:
தெற்குவாசல் சொல்றது சரிதான் ஆனா அது பாதிக் கதை. தொழிலதிபரு ஜெயிக்கவே முடியாதுன்னா லீ மியுங்-பாக் எப்படி வந்தாரு? அவரு நிறுவனர் இல்ல, ஹூண்டாய் கன்ஸ்ட்ரக்‌ஷன் தலைமை நிர்வாகியா இருந்தவரு. பெரிய கட்சியில சேந்தாரு, 2002ல சியோல் மேயர் ஆனாரு, ரோடு போட்டு மூடியிருந்த சொங்யேசொன் ஓடைய திறந்து காட்டினாரு, அந்த ஒரு வேலைய வெச்சே 2007ல அதிபர் ஆனாரு. இப்ப ஆன் கதைக்கு வாங்க. 2011ல அதே மேயர் நாற்காலி இவருக்கு கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு, இவரு அதை அப்ப வெறும் 5 சதவீதம் ஆதரவு இருந்த சமூக ஆர்வலர் பார்க் வொன்-சூனுக்கு விட்டுக்குடுத்தாரு. ஊரே கொண்டாடுச்சு, நானும் அது பெரிய மனசுன்னுதான் சொல்லுவேன், ஆனா அங்கதான் எல்லாமே போச்சு. அந்த நாற்காலில உக்காந்திருந்தா ‘இதோ நான் செஞ்சது’ன்னு காட்ட ஏதாச்சும் இருந்திருக்கும், கடைசி வரைக்கும் அது இல்லாமயே ஒவ்வொரு தேர்தலுக்கும் போனாரு.

கட்சி விஷயமும் பாருங்க. 2014ல ஜனநாயகக் கட்சியோட இணைஞ்சாரு, 2015 டிசம்பர்ல வெளிய வந்தாரு, 2016ல மக்கள் கட்சி, அது அப்ப 38 சீட் ஜெயிச்சுது, கன்சர்வேட்டிவ்களுக்கு ஓட்டே போடாத தென்மேற்கு ஹோனாம் பகுதில 28ல 23, அதுல குவாங்ஜு நகரத்துல எட்டுக்கு எட்டு. அந்த ஜனங்க அவ்ளோ நம்புனாங்க! ரெண்டே வருஷத்துல அந்தக் கட்சிய கன்சர்வேட்டிவ்ல இருந்து பிரிஞ்சவங்களோட சேத்துட்டாரு, ஹோனாம்காரங்க மனசு விட்டுப்போச்சு. 2017ல ஏப்ரல் ஆரம்பத்துல கருத்துக்கணிப்புல மூனுக்கு சரிசமமா வந்தவரு, டிவி விவாதத்துல ‘நான் எம்பி அவதாரா’ன்னு மூன்கிட்டயே கேட்டாரு, எம்பின்னா (MB) அதே லீ மியுங்-பாக், இவரு அவரோட ஆளுன்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு. எதிராளி பரப்பின பேச்ச இவரே நாடு முழுக்க கொண்டுபோய் சேத்த மாதிரி ஆச்சு, கடைசில 21.41 சதவீதம்.

எனக்கு இன்னிக்கும் மன்னிக்க முடியாதது 2022. மார்ச் 2 ராத்திரி கடைசி டிவி விவாதத்துல வேட்பாளரா நின்னு பேசிட்டு, மறுநாள் காலைல கன்சர்வேட்டிவ் வேட்பாளர் யூன் சுக்-யோல் பக்கம் போயிட்டாரு. வெளிநாட்டுல இருக்குற கொரியர்கள் பிப்ரவரி கடைசிலயே ஓட்டு போட்டு முடிச்சிருந்தாங்க, இவருக்குப் போட்ட ஓட்டெல்லாம் செல்லாம போச்சு. ஓட்டு போட பக்கத்து ஊருக்கு பஸ் புடிச்சுப் போனவங்க, லீவு போட்டவங்க எல்லாம் இருப்பாங்கல்ல, அவங்களுக்கு என்ன பதில்? யூன் ஜெயிச்சது வெறும் 0.73 சதவீத வித்தியாசத்துல.

தெற்குவாசல்:
2022 விஷயத்துல உங்க கோவம் நியாயம். ஆனா அதே ஆளு 2024 டிசம்பர் 7 அன்னைக்கு என்ன செஞ்சாருன்னும் சொல்லணும். யூன் ராணுவச் சட்டம் கொண்டுவந்து நாலு நாள் கழிச்சு பதவி நீக்கத் தீர்மானம் ஓட்டுக்கு வருது, ஆளுங்கட்சி எம்பிங்க எல்லாரும் கூண்டோட எழுந்து வெளிய போயிட்டாங்க, இவரு மட்டும் அத்தன காலி சீட்டுக்கு நடுவுல உக்காந்திருந்தாரு. பின்னாடி ரெண்டு பேரு திரும்பி வந்து ஓட்டு போட்டாங்க, மொத்தம் 195, 200 வேணும், அன்னைக்கு நடக்கல. ஒரு வாரம் கழிச்சு 204 ஓட்டுல நிறைவேறுச்சு. தான் கைகாட்டின அதிபருக்கு எதிரா, சொந்தக் கட்சி பகைச்சுக்கும்னு தெரிஞ்சே தனியா உக்காந்ததுக்கு தைரியம் வேணும். கோவிட் ஆரம்பத்துல 2020ல டேகு ஆஸ்பத்திரில மனைவியோட போய் டாக்டரா வேலை பாத்தாரே, அதுவும் இதே மனுஷன்தான்.

மழைநாள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லீ மியுங்-பாக் விஷயத்த நான் இதோட சேத்து யோசிச்சதே இல்ல. அந்த மேயர் பதவிக்கு இவரு அப்புறம் முயற்சி பண்ணவே இல்லையா?

வேப்பமரத்தடி:
ரெண்டு தடவை. 2018ல நின்னாரு, 19.55 சதவீதம், மூணாவது. ஜெயிச்சது இவரு யாருக்கு விட்டுக்குடுத்தாரோ அதே பார்க் வொன்-சூன். 2021 இடைத்தேர்தல்ல கன்சர்வேட்டிவ் கட்சியோட ஓ சே-ஹூனா, இவரா, பொது வேட்பாளர் யாருன்னு சர்வே வெச்சாங்க, அதுல தோத்து அவருக்காகவே பிரசாரம் பண்ணாரு. 2022ல சியோல் பக்கத்துல இருக்குற புந்தாங் இடைத்தேர்தல்ல ஜெயிச்சு எம்பி ஆனாரு. ஆன்லேப் ஆபீஸ் இருக்குற பாங்யோ அந்தத் தொகுதிலதான் வருது.