அடி விழுவதற்கு முன்பே தெரிந்த அறிகுறிகள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கார்முகில்:

என் கணவர் என்னை ஒருமுறைகூட அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் இதுதான். கடவுச்சொற்களைக் கேட்டு வாங்கியது, சம்பளக் கணக்கு அவர் கைக்குப் போனது, நண்பர்கள் ஒவ்வொருவராக விலகியது ஆகியவற்றை இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுது மட்டும் இன்னும் என்னை விடவில்லை. நாள்தோறும் அவர் என் காருக்குள் குனிந்து, அது ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். வண்டிப் பராமரிப்புக்காக என்றார், நானும் நம்பினேன். அலுவலகம் போய்வர 22 கிலோமீட்டர். அன்று 25 காட்டியது. அவர் குரலை உயர்த்தவில்லை. மேசைக்கு எதிரே அமர்ந்து, "இந்த மூன்று கிலோமீட்டர் எங்கே போயிற்று?" என்று மட்டும் கேட்டார். சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் சுற்றி வந்தேன் என்பதே உண்மை. அந்த உண்மையைச் சொல்லும்போதே என் கைகள் நடுங்கின, நா குழறியது. மறுநாள், அவர் கேட்காமலேயே, வண்டியை நிறுத்தி அந்தப் பள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பிரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது.

வழிப்போக்கன்:

நான் வெளியிலிருந்து பார்த்தவன். கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் வெகுகாலம் கழித்துச் சந்தித்தோம். பேச்சின் நடுவே எங்கள் தோழிக்குக் காணொலி அழைப்பு வந்தது. கணவர் எல்லோரையும் பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொல்லி, தொலைபேசியை மெல்லத் திருப்பி, ஒவ்வொரு முகத்திலும் சிறிது நிறுத்திக் காட்டினாள். நாங்கள் கையசைத்தோம், சிரித்தோம். எவ்வளவு அன்பான மனிதர் என்று யாரோ சொன்னார்கள். பத்து நிமிடத்தில் தலைவலி என்று கிளம்பிவிட்டாள். அழைப்பை எடுப்பதற்கு முன் அவள் செய்த ஒன்றை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. தன் நாற்காலியை என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். இப்போதும் அவள் அவருடன்தான் இருக்கிறாள். எப்போது பேசினாலும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுகிறாள் என்பது அவளுடைய குரலின் எதிரொலியிலேயே தெரிகிறது.

நடுநிலை:

இரண்டையும் படித்தேன், வருத்தமாக இருக்கிறது. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டும். என் தங்கையின் கணவரும் தொடக்கத்தில் அவளுடைய தொலைபேசியை எடுத்துப் பார்ப்பார். வீட்டுப் பெரியவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசினார்கள், அத்துடன் நின்றுவிட்டது. ஆகவே எல்லாச் சந்தேகத்தையும் வன்முறையின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகப்படுகிறவருக்கும் ஒரு பழைய காயம் இருக்கலாம், அதைக் கேட்டறிய வேண்டும். முதல் நாளே தெளிவாகப் பேசிவிட வேண்டும். மனத்தில் வைத்துப் புழுங்கினால் அது வளரும். மறைப்பதற்கு எதுவும் இல்லாதபோது கடவுச்சொல்லைக் கொடுப்பதில் தவறில்லை. பேசித் தீராவிட்டால் இருவரும் சேர்ந்து ஒரு ஆலோசகரிடம் செல்லலாம். ஆலோசகர் இருவருக்கும் பொதுவானவர், அவர் முன்னிலையில் எதையும் அச்சமின்றிச் சொல்லலாம். அங்கே சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு வாரந்தோறும் வீட்டிலும் பேசிப் பழகினால் பல திருமணங்கள் பிழைக்கும். கணவர் அந்த மூன்று கிலோமீட்டர் கேள்வியைக் கேட்ட அன்றே, கார்முகில் அவர்கள் "இப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

தெளிந்தநீர்:

நடுநிலை அவர்களே, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சேர்ந்து ஆலோசனைக்குப் போன ஒருத்தி நான், அங்கே நடந்ததைக் கேளுங்கள். மூன்றாவது அமர்வில் ஆலோசகர் என்னிடம், "அவரிடம் உங்களுக்கு எது அச்சமாக இருக்கிறது?" என்று கேட்டார். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பக்கத்தில் என் கணவர் தம் பேனாவின் மூடியைக் கழற்றி மீண்டும் மாட்டினார். அந்தச் சிறு ஒலிக்குப் பின்னால் எத்தகைய இரவு வரும் என்பது அந்த அறையில் இருந்த மூவரில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். "அச்சம் எதுவும் இல்லை" என்றேன். ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார். முதல் இரண்டு அமர்வுகளில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் வீடு திரும்பும் வழியிலேயே கணக்குக் கேட்கப்பட்டிருந்தது. ஒருவர் மற்றவருக்கு அஞ்சி வாழும் உறவில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசச் சொல்வது ஆபத்து என்று இத்துறையில் பணிபுரிகிறவர்கள் எச்சரிப்பது இதனால்தான். தனித்தனியாகப் பேசினால்தான் உண்மை வெளியே வரும்.

உங்கள் தங்கையின் கணவர் ஒருமுறை சொன்னதும் நிறுத்தினார் என்றால், விடை அதிலேயே இருக்கிறது. சந்தேகம் எல்லோருக்கும் வரும். வேண்டாம் என்று மறுத்தால் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லைத் தர மறுக்க முடியும் என்ற நிலையில் தருவது நம்பிக்கை. மறுத்தால் மூன்று நாள் பேச்சில்லை, அல்லது குழந்தையின் முன்னால் அவமானம் என்று தெரிந்து தருவதை எப்படி நம்பிக்கை என்பது? ஈவன் ஸ்டார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007இல் இதைத்தான் விரிவாக எழுதினார்: காயங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் உண்மையான கேடு கண்ணில் படாது, பறிபோவது ஒருவருடைய சுதந்திரம் என்றார். அடி விழாவிட்டாலும் இத்தகைய தொடர் கட்டுப்பாடு குற்றமே என்று இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2015இல் சட்டம் இயற்றப்பட்டது. ஐந்தாண்டு வரை சிறை. எனக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால், "அவர் அடிக்கவில்லையே" என்று என் தாய் சொன்னபோது வாயடைத்து நின்றிருக்க மாட்டேன்.

இரவுப்பணி:

நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். பல ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவில் ஒரு பெண் தொண்டை வலி என்று வந்தார். குரல் கரகரத்திருந்தது, எச்சில் விழுங்கும்போது முகம் சுளித்தார். கழுத்தில் எதுவும் தெரியவில்லை. ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். "சண்டையில் கழுத்தைப் பிடித்தார், உடனே விட்டுவிட்டார்" என்றார், ஏதோ கதவில் விரல் நசுங்கியதைச் சொல்வது போல. வாசலில் நின்ற கணவர் தண்ணீர்ப் புட்டியுடன் மிகுந்த கவலையோடு எட்டிப் பார்த்தார். நான் குறிப்பேட்டில் "தொண்டை வலி" என்று மட்டும் எழுதினேன். என் கையெழுத்தில் இருந்த அந்த இரண்டு சொற்களை என்னால் மறக்க முடியவில்லை.

பின்னர் பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன். கழுத்து நெரிக்கப்பட்டவர்களில் பலருக்கு வெளியே எந்தத் தடயமும் இருக்காது. குரல் மாற்றம், விழுங்குவதில் சிரமம், கண் வெள்ளையில் செம்புள்ளிகள், நடந்ததில் ஒரு பகுதி நினைவில்லாமல் போவது ஆகியவை எச்சரிக்கைகள். கழுத்தின் இரத்தக் குழாய் உள்ளே கிழிந்திருந்தால் பல மணி நேரமோ சில நாள்களோ கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, துணைவரால் ஏற்கெனவே கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னர் அவராலேயே கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல். "உடனே விட்டுவிட்டார்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பரிசோதனை அறையில் அவரைத் தனியாகப் பேசவிடும்படி மருத்துவமனையில் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்:

நான் மறுபக்கத்தில் இருந்தவன். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒருநாள் வழக்கத்தைவிட முன்னதாக வீடு திரும்பினேன். உள்ளே என் மனைவியும் மகனும் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பூட்டில் சாவியைத் திருப்பினேன், சிரிப்பு அந்த நொடியே நின்றது. கதவைத் திறந்தபோது அவன் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான், அவள் எழுந்து நின்றிருந்தாள். அதை மரியாதை என்று நினைத்து மகிழ்ந்தேன். எனக்குக் கோபம் கட்டுமீறி வருகிறது, என்னால் தடுக்க முடியவில்லை என்றே அதுவரை சொல்லி வந்தேன். ஆனால் மேலதிகாரி என்னைப் பலர் முன்னிலையில் திட்டிய நாள்களிலும் அந்தக் கோபம் ஒருமுறைகூடக் கட்டுமீறியதில்லை. இதைச் சுட்டிக்காட்டியது என்னைப் போன்ற ஆண்களுக்காக நடத்தப்படும் குழுவில் இருந்த ஒருவர். அவர்கள் இருவரும் இப்போது என்னுடன் இல்லை. என்னை மன்னிப்பதாக யாரும் இங்கே பதில் எழுத வேண்டாம். நான் அதற்காக எழுதவில்லை.

கார்முகில்:

நடுநிலை அவர்களுக்கு: நான் சொன்னேன். அவரிடம் சொல்ல முடியவில்லை, அவருடைய அக்காவிடம் சொன்னேன். "அடித்தானா?" என்று கேட்டார், இல்லை என்றேன், பேச்சு அத்துடன் முடிந்தது.

ஏன் உடனே வெளியேறவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் 11 நகரங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் துணைவரோடு சேர்ந்து வாழ்ந்து பிரிந்த பெண்கள் கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ ஒன்பது மடங்கு என்று கண்டார்கள். வெளியேறும் காலமே மிகவும் ஆபத்தான காலம். அதனால் நான் ஓராண்டுக்கு மேல் திட்டமிட்டேன்: ஆவணங்களின் நகல்களை அலுவலக மேசையில் வைத்தேன், என் தொலைபேசியில் எதையும் தேடவில்லை, போகிறேன் என்று ஒரு சண்டையில்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

வழிப்போக்கன் அவர்களே, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அவளுடைய தொலைபேசிக்கு எதையும் எழுதி அனுப்பாதீர்கள். ஒவ்வொரு செய்திக்கும் அவள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு நெருக்கமான ஒரு தோழி நேரில் சந்திக்கட்டும். கணவரைப் பற்றிக் குறை பேச வேண்டாம், முடிவு எடுக்கச் சொல்லி நெருக்கவும் வேண்டாம். என் தோழி ஒருத்தி அலுவலக வாசலில் என்னைச் சந்தித்து, "நீ எப்போது அழைத்தாலும் எடுப்பேன், நள்ளிரவானாலும் சரி, காரணம் கேட்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்று அவளிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். 14 மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தாள், "எங்கே வரட்டும்?" என்றாள்.