பிவிடி கோல்டு (வேக்கம் சேம்பர்ல போடற தங்கக் கலர் கோட்டிங்) மழைக்காலத்துல ப்ரௌனா வருது, பித்தளை டேப்ல (தண்ணிக் குழாய்ல) உரியுது. ஸ்பட்டரிங் மெஷினுக்கு மாறணுமா?

கோவை_ஃபினிஷிங்:
வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல சின்ன ஜாப் ஒர்க் யூனிட் நம்மளது. எஸ்எஸ் டோர் ஹேண்டில், கேட் பைப், இப்ப கொஞ்ச நாளா பித்தளை டேப்பும் எடுத்து டைட்டானியம் கோல்டு போட்டுக் குடுக்கறோம். மெஷின் ஆர்க் டைப், செகண்ட் ஹேண்டு, சேம்பர் சுமார் 1000 லிட்டர், காத்தை இழுத்து வேக்கம் பண்ண ரோட்டரி, ரூட்ஸ், டிஃப்யூஷன் பம்ப் எல்லாம் இருக்கு. வெயில் காலம் முழுக்க ஒரு பிரச்சனையும் இல்லீங்க. ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து அதே ரெசிபி, அதே நைட்ரஜன் ஃப்ளோ, ஆனா கலர் மட்டும் மங்கின ப்ரௌனா வருது, அதுவும் காலைல முதல் பேட்ச் ரொம்ப மோசம், சாயங்காலம் ஆக ஆக கொஞ்சம் தேறுது. முன்னாடி 40 நிமிஷத்துல சேம்பர் பிரஷர் 5 இன்டு 10 மைனஸ் 5 எம்பாருக்கு (மில்லிபார்) இறங்கிரும், இப்ப ஒன்றரை மணி நேரம் இழுக்குது. நைட்ரஜனைக் குறைச்சுப் பாத்தா வெளிறின மஞ்சளா போகுது.

அடுத்தது பித்தளை டேப். மூலை, மடிப்பு இருக்கற இடத்துல மூணே நாள்ல செதில் செதிலா உரிஞ்சு வருது. பார்ட்டி மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிட்டாங்க. மெஷின் விக்கற ஒருத்தர் ஸ்பட்டரிங்குக்கு மாறினா ரெண்டுமே தீரும்ங்கறார். லோன் போட்டுத்தான் வாங்கணும், வீட்டு நகையையும் வெக்க வேண்டி வரும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_பம்ப்:
தம்பி, லோன் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, முதல்ல ஒரு வாரம் பொறுங்க. நீங்க சொல்ற அறிகுறி எல்லாமே தண்ணியத்தான் காட்டுது. டைட்டானியம் நைட்ரஜனோட சேந்தா தங்கக் கலர், நைட்ரஜன் கம்மின்னா வெளிறும், ஜாஸ்தின்னா சிவந்து செம்பு மாதிரி போகும். ஆனா சேம்பருக்குள்ள ஈரம் இருந்தா அதுல இருக்கற ஆக்சிஜன் டைட்டானியத்தைப் புடிச்சுக்கும், அப்ப மங்கின ப்ரௌன்தான் வரும், நீங்க நைட்ரஜன் வால்வை எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாகாது. காலைல மோசம், சாயங்காலம் தேவலாம்னா, ஓடி ஓடி சேம்பர் சூடாகி ஈரம் வெளியேறுதுன்னு அர்த்தம்.

ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ஜாப் எதுவும் போடாம நல்லா பம்ப் பண்ணி மைனஸ் 5 வந்ததும் ஹைவேக்கம் வால்வை (பம்ப்புக்கும் சேம்பருக்கும் நடுவுல இருக்கறது) மூடிட்டு, ஒவ்வொரு நிமிஷமும் பிரஷர் எவ்வளவு ஏறுதுன்னு எழுதுங்க. நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரே அளவா ஏறிட்டே போனா வெளிய இருந்து லீக், ஓரிங் (ரப்பர் சீல்), ஃபீட்த்ரூ (சுவத்து வழியா வயர், ஷாஃப்ட் உள்ள போற இடம்) எல்லாம் பாக்கணும். முதல்ல வேகமா ஏறி அப்புறம் தளர்ந்தா அது உள்ள இருந்து வர்ற ஈரம். 1000 லிட்டர் சேம்பர்ல நிமிஷத்துக்கு 1 இன்டு 10 மைனஸ் 2 எம்பார் ஏறுதுன்னா கிட்டத்தட்ட 10 எஸ்சிசிஎம் (சாதாரண காத்தழுத்தத்துல நிமிஷத்துக்கு 10 சிசி) கேஸ் நீங்க கேக்காமலே உள்ள வருதுன்னு கணக்கு.

அப்புறம் கதவைத் திறக்கறப்ப சில்லர் தண்ணி (மெஷினைக் குளுர வைக்கற தண்ணி) சேம்பர் சுவத்துல ஓடிட்டேதான் இருக்கா? மழைக் காத்துல குளுந்த சொவர்னா வேர்த்துக் கொட்டும், கண்ணுக்குத் தெரியாது அவ்வளவுதான். ஷீல்டு (சேம்பர் சுவத்தை மறைக்கற தகடு) மேல படிஞ்ச பழைய கோட்டிங்கும் பஞ்சு மாதிரி, ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். கடைசியா எப்ப கழட்டி பிளாஸ்டிங் (மணல் மாதிரி பொடியை வேகமா அடிச்சு சுத்தம் பண்றது) பண்ணீங்க?

மேக்னட்ரான்_ஓசூர்:
ப்ரோ, நான் ஸ்பட்டரிங்லதான் வேலை பாக்கறேன், அதனாலயே சொல்றேன், இதுக்காக மாறாதீங்க. ஆர்க்ல டார்கெட் (கோட்டிங்குக்கு வைக்கற டைட்டானியம் கட்டி) மேல 60, 80 ஆம்பியர் கரண்ட் ஒரு சின்னப் புள்ளில ஓடி டைட்டானியத்தை ஆவியாக்குது, பெரும்பாலும் அயனாவே வர்றதால ஒட்டற பலம் நல்லா இருக்கும், ஆனா உருகின துளிகளும் சேந்து வந்து விழும், அதான் மேக்ரோ. ஸ்பட்டரிங்ல ஆர்கான் அயன் டார்கெட்டை மோதி அணு அணுவா பேத்து எடுக்கும், மேக்ரோ கிடையாது, மிரர் பாலிஷ்ல ரொம்ப வழவழன்னு வரும். ஆனா ஒரு தலைவலி இருக்கு, நைட்ரஜன் கொஞ்சம் தாண்டினா டார்கெட் மேலயே நைட்ரைடு படிஞ்சு கோட்டிங் படியற வேகம் சட்டுனு விழுந்துரும், திரும்ப மெட்டல் நிலைக்கு வரணும்னா நைட்ரஜனை ரொம்பவே கீழ இறக்கணும். ஆர்க்ல தப்பிச்சுப் போற ஈரம்கூட எங்களுக்கு கலர்ல தெரிஞ்சுரும். ஈரமான சேம்பரோட ஸ்பட்டரிங் வந்தீங்கன்னா கஷ்டம் கூடத்தான் செய்யும்.

பாலிஷ்_ப்ளேட்டிங்:
பித்தளைக்கு நான் சொல்றேன் அண்ணா, ப்ளேட்டிங் லைன்தான் எங்களது. பித்தளை மேல முதல்ல நிக்கல், அதுக்கு மேல க்ரோம் போட்டுத்தான் உங்ககிட்ட வரும். உரிஞ்ச இடத்தை லென்ஸ் வெச்சுப் பாருங்க. அடியில வெள்ளையா தெரிஞ்சா க்ரோம் மேல உங்க கோட்டிங் ஒட்டல. மஞ்சளா பித்தளை தெரிஞ்சா நிக்கலே கழண்டு வந்திருக்கு, அது உங்க மெஷின் தப்பே இல்ல. மடிப்புல பஃபிங் சோப்பு சரியா கழுவாம விட்டா அப்படித்தான் ஆகும், சேம்பர் சூட்டுல அது வெளிய வந்துரும். வெறும் பித்தளைய மட்டும் உள்ள போட்டுறாதீங்க, வேக்கத்துல 250 டிகிரி வந்தாலே பித்தளைல இருக்கற ஜிங்க் ஆவியாக ஆரம்பிச்சுரும், அப்புறம் சேம்பரே பாழ். அடுத்த லாட் வர்றப்ப ரெண்டு பீஸை 250 டிகிரில ஓவன்ல அரை மணி நேரம் வெச்சு அப்படியே பச்சத் தண்ணில முக்குங்க, கொப்புளம் வந்தா லாட்டைத் திருப்பிருங்க. இதை நீங்க ப்ளேட்டர்கிட்ட கேக்கறதுல தப்பே இல்ல, நாங்க செஞ்சுதான் அனுப்பணும்.

கோவை_ஃபினிஷிங்:
எல்லாருக்கும் நன்றிங்க, 9 நாள் கழிச்சு வர்றேன். டெஸ்ட் பண்ணினேன், முதல் நிமிஷம் 6 இன்டு 10 மைனஸ் 3, அடுத்த நிமிஷம் 2தான் கூடுச்சு, மூணாவதுல 1கூட இல்ல. அண்ணா சொன்ன மாதிரி ஈரம்தான். ஷீல்டு 5 மாசமா கழட்டவே இல்ல, கழட்டினா தகடு தகடா உரிஞ்சு விழுது. எல்லாத்தையும் பிளாஸ்டிங் பண்ணி, ஓவன்ல காய வெச்சு மாட்டினோம். இப்ப கதவு திறக்கறதுக்கு முன்னாடி சில்லரை நிறுத்திட்டு சேம்பர் லைன்ல சுடுதண்ணி விடறோம், காத்துக்குப் பதிலா நைட்ரஜன் விட்டுத்தான் திறக்கறோம், ராத்திரி காலி சேம்பரை பம்ப்லயே விட்டுட்டுப் போறோம். 50 நிமிஷத்துல மைனஸ் 5 வருது. நேத்து காலைல முதல் பேட்ச் ஹேண்டிலைப் போன வருஷ சாம்பிள் பக்கத்துல வெச்சுப் பாத்தேன், வித்தியாசம் தெரியல. கண்ணு கலங்கிருச்சுங்க, நகை வீட்டுலயே இருக்கு.

பித்தளைல அடியில மஞ்சள்தான் தெரியுது தங்கச்சி. ப்ளேட்டர்கிட்ட பீஸைக் காட்டினேன், அவரு இன்னும் ஒத்துக்கல. அந்த ஓவன் டெஸ்ட்டை அவரு கண்ணு முன்னாடியே பண்ணலாம்னு இருக்கேன்.

பழைய_பம்ப்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒண்ணே ஒண்ணு, நைட்ரஜன் விட்டுத் திறக்கறீங்க, அதனால கதவு திறந்ததும் பசங்க யாரும் உடனே தலைய உள்ள விடக்கூடாது. நைட்ரஜன் வாசனையே இல்லாம மூச்சை நிறுத்திரும். ஃபேன் போட்டு அஞ்சு பத்து நிமிஷம் காத்தோட விட்டுட்டுத்தான் ஷீல்டு துடைக்கப் போகணும். இதைக் கதவுலயே எழுதி ஒட்டிருங்க.