டோனி ஹோர் ஏன் கம்பெனிய விட்டுட்டு ப்ரூஃப் பக்கம் போனாரு?

அரைப்புள்ளி:
டேட்டாவ வரிசைப்படுத்துற க்விக்சார்ட் முறைய கண்டுபிடிச்சவர்னு மட்டும்தான் தெரியும், இப்ப படிச்சா மனுஷன் ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சது லத்தீன் கிரேக்கம், அப்புறம் கடற்படையில ரஷ்யன் கத்துக்கிட்டு மாஸ்கோ போயி, 1960ல எலியட் பிரதர்ஸ்ங்கிற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் கம்பெனில ப்ரோக்ராமரா சேர்ந்திருக்காரு (பொறந்தது கொழும்புல!). அங்க அவங்க எழுதின அல்கால் 60 கம்பைலருக்கு (அந்த ப்ரோக்ராமிங் மொழிய மெஷினுக்கு புரியற மாதிரி மாத்துறது) நல்ல பேரு. அப்படி இருக்க 1968ல எதுக்கு பெல்ஃபாஸ்ட்ல புரொஃபசராகி, ப்ரோக்ராம் சரின்னு கணக்கு மாதிரி நிரூபிக்கிற வேலையில எறங்கினாரு?

பழையகம்பைலர்:
கம்பைலர் ஜெயிச்சுது, ஆனா அதுக்கப்புறம் எலியட் 503 கம்ப்யூட்டருக்கான மார்க் 2 சாஃப்ட்வேர் மொத்தமா ஊத்திக்கிச்சு, கம்ப்யூட்டர் துறையோட பெரிய பரிசான டூரிங் அவார்ட வாங்கின 1980 உரையில அவரே விலாவாரியா சொல்லிருக்காரு. அந்த சூடும் ஒரு காரணம்னு என் நினைப்பு. இப்படி நிரூபிக்கிறத பத்தி அவர் எழுதின 1969 பேப்பரோட ஐடியா சிம்பிள்தான் தம்பி, ஒரு வரி ஓடறதுக்கு முன்னாடி எது உண்மை, ஓடினப்புறம் எது உண்மை, ரெண்டையும் எழுதிடு. எக்ஸ் 5, ஒண்ணு கூட்டு, 6, இதுல என்ன இருக்கு. திரும்பத் திரும்ப ஓடற லூப் வந்தாதான் தாவு தீரும், ஒவ்வொரு சுத்துலயும் மாறாம நிக்கிற உண்மைய (இன்வேரியன்ட்) நாமளே தேடிப் பிடிக்கணும். இண்டஸ்ட்ரிக்கு இது வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்னு கணக்கு போட்டேதான் இந்த ஆராய்ச்சிய எடுத்தாராம், என்ன தைரியம் பாருங்க!

பக்பிடிப்பான்:
நிரூபிச்சா மட்டும்? ஜாவா மொழியோட லைப்ரரில, வரிசையான பட்டியல பாதி பாதியா வெட்டித் தேடற பைனரி சர்ச்ல, தேடற பகுதியோட ரெண்டு முனையான லோவையும் ஹையையும் கூட்டி ரெண்டால வகுக்கிற வரி ஒண்ணு, அந்தப் பட்டியல் (அர்ரே) ரொம்பப் பெருசானா கூட்டல் 32 பிட் முழு எண்ணோட (இன்ட்) எல்லைய தாண்டி நெகட்டிவ் ஆயிடும், 2006ல தான் விஷயம் வெளிய வந்துச்சு. பேப்பர்ல போடற ப்ரூஃப்ல எண்ணுக்கு பெரும்பாலும் எல்லையே வைக்க மாட்டாங்களே.

பழையகம்பைலர்:
சரியான பாயிண்ட், அதனாலதான் இப்ப டூல்ஸ் 32 பிட் எல்லையையும் சேத்தே செக் பண்ணுது. செலவுதான் கொல்லும். சரின்னு நிரூபிச்ச செல்4 கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட உள்கரு) 2009ல, சி கோடு சுமார் 8,700 வரி, ப்ரூஃப் 2 லட்சம் வரி. ஹோரே 1996ல ப்ரூஃப் இல்லாமலே சாஃப்ட்வேர் எப்படி இவ்ளோ நம்பகமா ஆச்சுன்னு பேப்பர் போட்டாரு, 1999ல மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் போனா அங்க அசர்ஷன (இந்த இடத்துல இது உண்மையா இருக்கணும்னு கோடுல எழுதற வரி) நிரூபிக்க இல்ல, டெஸ்ட்ல பக் பிடிக்கத்தான் வச்சிருந்தாங்க, டெஸ்டிங்க எதிரியா பாத்தது தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டாரு.

அரைப்புள்ளி:
அப்ப நான் எங்க ஆரம்பிக்கட்டும்ணே?

பழையகம்பைலர்:
ப்ரூஃப தானே செக் பண்ற டாஃப்னிங்கிற ப்ரோக்ராமிங் மொழிய இறக்கிக்கோ, அதே பைனரி சர்ச்சுக்கு இன்வேரியன்ட் எழுதிப் பாரு. தப்புன்னு அது திட்டும், திட்டட்டும்.